வாட்சைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தவர்

1997ஆம் ஆண்டு ஜனவரி 20, திங்கட்கிழமை. பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி முழு ஆளோடு ஓடத் தொடங்கிய நாள். காலை ஐந்தேகாலுக்கு எழுந்து தெருக் குழாயில் இரண்டு குடம் பிடித்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு குடம் தாராளம். முந்தின இரவு ஊறவைத்த துணிகளை அலசிக் காயப்போட்டேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். ஆவடியில் ஏழு மணி ரயில் தாமதம். பட்டரவாக்கத்தில் இறங்கி வேகமாக நடந்ததில் எட்டுக்கு முன்பே சுவிட்ச்போர்டின் முன் உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் தூசியைத் துடைத்து, ரிசீவரை டெட்டால் துணியால் ஒற்றி, பென்சிலைச் சீவி வைத்தேன். பத்தரை மணிக்கு அவர் வந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செட் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. நான் டெலிபோன் ஆபரேட்டர். வருகிறவர்களை விசாரித்து உட்காரவைப்பதும் நான்தான். மேனேஜர் கூப்பிட்டால் டைப் அடிப்பதும் நான்தான். என் மேஜைக்கு எதிரே ஒரு தேக்கு பெஞ்சு கிடந்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். கால் ஆட்டுகிறவர்கள், கொட்டாவி விடுகிறவர்கள், என் மேஜையிலிருக்கும் செய்தித்தாளைத் தலைகீழாகப் படிக்க முயல்கிறவர்கள் என்று பல தினுசு. காத்திருப்பதை ஒரு வேலையாக எடுத்துச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தார். முதன்முதலில் வந்தது 1986 ஜனவரியில். வாட்ச்மேன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"ஆபரேட்டரம்மா, யாரோ வாத்தியாராம். வேலை கேட்டுகினு வந்துகீறாரு."

"வேலை எனக்கு இல்லைங்க. என் பிள்ளைங்களுக்கு," என்றார் அவர்.

"எத்தினி புள்ளைங்க?"

"பதினோரு பேர்."

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பதினொண்ணா! இன்னா சாமி, ஒரு கிரிக்கெட் டீமே கீது ஊட்ல."

அவர் சிரித்தார். அந்த நகைச்சுவையைப் பிறகு ஒவ்வொரு வருடமும் வாட்ச்மேன் சொல்வார், அவரும் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார். பதினோரு பேரும் அவருடைய மூன்றாம் ஆண்டு மாணவர்கள். வரலாறு படிக்கிறவர்கள் கடைசி வருடத்தில் ஆறு வாரம் ஏதாவது ஓர் இடத்தில் வேலை செய்ய வேண்டும், அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும், அது இல்லாமல் தேர்ச்சி கிடையாது என்று அவர் தன் கல்லூரியில் சண்டை போட்டு ஒரு விதி கொண்டுவந்திருந்தார். விதி வந்துவிட்டது, இடம் கொடுக்க யாரும் வரவில்லை. ஆகவே அவரே எஸ்டேட்டில் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினார்.

உட்காரச் சொன்னேன். உட்காருவதற்கு முன் கையிலிருந்த வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பட்டை அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறையும் அப்படியே செய்தபோது கேட்டுவிட்டேன்.

"காத்திருக்கிறவன் வாட்சைப் பார்த்தா உள்ள இருக்கிறவருக்கு அது குத்தும் மேடம். கேக்க வந்தவன் குத்தக் கூடாது."

பர்சனல் மேனேஜர் முதல் முறை அவரை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார். பிறகு அறை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். "ஹிஸ்டரி பசங்களுக்கு இங்க என்ன சார் வேலை? அசோகர் மரம் நட்டார். நாங்க மரத்தை வெட்டி ஷெட் போட்டோம். அவ்வளவுதான் எங்களுக்கும் ஹிஸ்டரிக்கும் சம்பந்தம்."

"வேலை எதுவா இருந்தாலும் சரிங்க. ஒரு காகிதம் எங்க பொறக்குது, யார் கையெழுத்துப் போடறாங்க, எங்க போய்ச் சாகுதுன்னு அவங்க ஒருதரம் கண்ணால பார்க்கணும். அப்பத்தான் நூறு வருஷத்துக்கு முந்தின காகிதத்தை எவ்வளவு நம்பலாம்னு தெரியும்."

மேனேஜருக்கு அது புரிந்ததோ இல்லையோ, சம்பளம் தர வேண்டியதில்லை என்பது புரிந்தது. வருடத்துக்கு இரண்டு பேர் என்று ஒப்புக்கொண்டார். வந்த பிள்ளைகள் ஸ்டோர்ஸில் பெட்டிகளுக்கு எண் எழுதினார்கள். கேண்டீனில் டோக்கன் கிழித்தார்கள். ஒரு பையனை, சேர்மன் வருகிறார் என்று தோட்டத்துச் செங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கவிட்டார்கள். அந்தப் பையன் சுண்ணாம்பு அடித்ததைப் பற்றியே பன்னிரண்டு பக்கம் எழுதினான். சேர்மன் வராத நாட்களில் அந்தச் செங்கல்கள் எப்படி இருக்கும் என்பதுதான் அறிக்கையின் முக்கியப் பகுதி. அதை என்னிடம் படித்துக் காட்டும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பெஞ்சில் உட்கார்ந்த வேறு யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

யார் எதைச் சொன்னாலும் அவருக்கு இரண்டு கேள்விகள் உண்டு. யார் சொன்னது? அவர் அப்போது எங்கே இருந்தார்? ஒருநாள் ஆவடியில் நல்ல மழை என்றேன்.

"யார் சொன்னது?"

"நான் நனைஞ்சேன் சார்."

"அப்ப சரி," என்றார்.

இன்னொரு நாள் மேனேஜர் விடுப்பு என்பதை வாட்ச்மேன் சொல்ல மறந்துவிட்டார். நான் அன்று பல் டாக்டரிடம் போய்விட்டு மதியம்தான் வந்தேன். வந்து பார்த்தால் காலையிலிருந்து அங்கே அவர் உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் எழுந்து, "பரவாயில்ல மேடம், பஸ் ஸ்டாண்டைவிட இங்க நிழல் நல்லா இருக்கு," என்றார். அவரைத் தேடி யாராவது எங்காவது இருப்பார்கள் என்ற அடையாளம் அவரிடம் எப்போதும் இருந்ததில்லை. ஐயப்பன்தாங்கலில் ஒரு போர்ஷனில் தனியாக இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். மணியைப் பார்க்காமல் உட்கார முடிகிற மனிதருக்குக் காத்திருக்க வீட்டில் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டிலும் இல்லை. ஆனால் நான் மணி பார்ப்பேன்.

1989இல் கஸ்தூரி என்ற பெண் வந்தாள். திருவேற்காட்டிலிருந்து வருவாள். மெலிந்த உடம்பு, பெரிய கையெழுத்து. அவளை டைம் ஆபீஸில் போட்டார்கள். என் இடத்துக்கு அடுத்த அறைதான் டைம் ஆபீஸ். அங்கே சுவரில் கார்டு அடிக்கும் மெஷின் இருந்தது. தொழிலாளர்கள் தங்கள் கார்டை அதில் சொருகினால் மணி பதிவாகும். எட்டு வரை கறுப்பில் அடிக்கும், எட்டு தாண்டினால் சிவப்பில் அடிக்கும். என் இடத்திலிருந்து மெஷின் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் ஒரு ஜோடிச் செருப்புச் சத்தம் வரும், 'டக்' மூன்று முறை கேட்கும்.

லேத் பிரிவில் ஏழுமலை என்று ஒருவர். நூம்பலிலிருந்து வருவார். தேநீர் இடைவேளையில் டைம் ஆபீஸ் ஜன்னலில் சாய்ந்துகொண்டு அந்தப் பெண்ணைச் சீண்டுவார்.

"இன்னாம்மா, ராஜா கதை படிக்கிற பொண்ணு இங்க வந்து கார்டு அடுக்கிகினு கீறே?"

"உங்க கதையைச் சொல்லுங்க அண்ணே. அதையும் எழுதறேன்."

"எங்கதையா? எங்க நைனா நூம்பல்ல மாடு மேய்ச்சாரு. நான் இங்க லேத்து மேய்க்கிறேன். முடிஞ்சு போச்சு. எழுதிக்க."

ஆனால் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் பேசாமல் இருக்கிறவர் இல்லை அவர். ஒருநாள் அந்த மூன்று 'டக்' ரகசியத்தையும் சொல்லிவிட்டார். பூந்தமல்லி பஸ் என்றைக்கு வரும், என்றைக்கு வராது என்று யாருக்கும் தெரியாது. வேலப்பன்சாவடியில் ஏறுகிறவர்களில் யார் முதலில் எந்த வண்டியிலாவது தொத்திக்கொண்டு வந்து சேருகிறாரோ, அவர் மற்றவர்கள் கார்டையும் அடித்துவிடுவார். "பஸ்காரன் பண்ற லேட்டுக்கு எங்க சம்பளத்துல கை வெக்கலாமா, நீயே சொல்லு. ஆனா ஒண்ணு, வேலைல ஒரு பீஸ் கொறையாது. லேட்டா வந்தவன் டீ குடிக்காத முடிச்சிக் குடுத்துருவான்." நான் போர்டில் உட்கார்ந்தபடியே கேட்டேன். கஸ்தூரி எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் அறிக்கையின் தலைப்பு 'வருகைப் பதிவை வரலாற்று ஆதாரமாகக் கொள்ளலாமா?' என்பது. அறிக்கையின் ஒரு பிரதியை மரியாதைக்காகக் கம்பெனிக்கும் கொடுக்க வேண்டும் என்பது வாத்தியார் வைத்த வழக்கம். முந்தைய வருடப் பிரதிகளெல்லாம் மேனேஜர் அறை அலமாரியில் பிரிக்கப்படாமல் இருந்தன. இந்தத் தலைப்பைப் பார்த்து மேனேஜர் பிரித்துவிட்டார். ஊதிய ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். தொழிலாளர்களின் பேரில் ஒரு குறை கிடைக்காதா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார்.

அறிக்கை சொல்வது இதுதான்: மனிதர் வந்ததாகக் கார்டு சொல்கிறது, வந்தது கார்டு மட்டும்தான். ஆகவே பிற்காலத்தில் இதை வைத்து யாராவது எழுதினால் எச்சரிக்கை தேவை. அந்த வாக்கியத்தின் முடிவில் சிறிதாக ஓர் எண். பக்கத்தின் அடியில் அதே எண்ணைப் போட்டு, தகவல் தந்தவர் திரு. ஏழுமலை, லேத் பிரிவு, தேநீர் இடைவேளையில் நேரில் சொன்னது என்று எழுதியிருந்தாள். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி அடிக்குறிப்பு. ஒரு குறையும் இல்லாமல்.

மறுநாள் ஏழுமலைக்கு மெமோ வந்தது. பிறர் கார்டை அடித்ததற்காக ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று கேட்டு. மெமோவை டைப் அடித்தது நான். அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஏழுமலை என் மேஜைக்கு முன் வந்து நின்றார். அவருடைய வழக்கமான குரல் இல்லை.

"ராஜா கதை எழுதும்னு பாத்தா எங்கதைய எழுதி என் கழுத்துலயே கட்டிட்டுப் பூட்சே அந்தப் பொண்ணு. இருபது வருசம் ஆபரேட்டரம்மா. ஊட்ல இன்னான்னு போய்ச் சொல்றது?"

அவர் போனதும் கல்லூரிக்கு ஒரு போன் போட்டேன். அது என் வேலையில் சேராது. போட்டேன்.

மறுநாள் காலையிலேயே அவர் வந்தார். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார், உட்கார்ந்தார். மேனேஜர் பார்க்கவில்லை. மதியம் டீக்கடை வரை போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். மாலை சைரன் அடித்த பிறகு நான்தான் சொன்னேன்.

"மேனேஜர் பின் கேட் வழியா போயிட்டாராம் சார்."

"யார் சொன்னது?"

"வாட்ச்மேன். கேட்டைத் திறந்துவிட்டதே அவர்தான்."

"அப்ப சரி," என்று வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலை மறுபடி வந்து உட்கார்ந்தார்.

அன்று மூன்று மணிக்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். பத்து நிமிடம் கழித்து மணி அடித்து என்னையும் கூப்பிட்டார். சுருக்கெழுத்து நோட்டோடு போய் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்காரச் சொல்லப்படவில்லை.

"அந்த அடிக்குறிப்பை எடுத்துடறோம் சார்," என்றார் அவர்.

"எடுத்துட்டா? நான் படிச்சது என் தலையிலேர்ந்து போயிடுமா? சிம்பிளா கேக்கறேன். உங்க பொண்ணு எழுதினது உண்மைன்னா அவனுக்கு வேலை இல்ல. பொய்ன்னா பொய்ன்னு எழுதிக் கொடுங்க, மெமோவை வாபஸ் வாங்கறேன்."

"பொய்ன்னு எழுத மாட்டேன்."

"அப்ப உண்மை."

"ஒருத்தர் வாயால சொன்னது. அவ கண்ணால பார்க்கல. வேற யாரையும் கேட்டுச் சரிபார்க்கல. அதனால ஆதாரம் ஆகாதுன்னு எழுதித் தரேன்."

மேனேஜர் பேனாவை உருட்டினார். "நல்லா இருக்கு. ஆதாரம் இல்லாததை எழுதின ரிப்போர்ட்டுக்கு நீங்க பாஸ் போட்டீங்கன்னா, அதை எடுத்துக்கிட்டு நான் திரும்ப வருவேனே. ரிஜக்ட் பண்ணினதா எழுதுங்க. அப்பத்தான் எனக்கு அது வெறும் காகிதம்."

அவர் கையில் கல்லூரிப் பிரதி இருந்தது. அவர் அதை மேஜைமேல் வைத்தபோது முதல் பக்கம் தெரிந்தது. சிவப்பு மையில் மதிப்பெண் போட்டு, அடியில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். மேனேஜர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எழுதிக்குங்க மேடம்," என்றார் வாத்தியார் என்னிடம். "அறிக்கையில் கண்ட செய்தி ஒருவரின் வாய்மொழி மட்டுமே. சரிபார்க்கப்படவில்லை. ஆதாரமாகக் கொள்ள இயலாது. அறிக்கை நிராகரிக்கப்படுகிறது."

டைப் அடித்துக் கொண்டுவந்தேன். கையெழுத்துப் போட்டார். பிறகு மேஜையிலிருந்த பேனாவாலேயே 'மிக நன்று' மேல் ஒரு கோடு இழுத்தார். வெளியே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். காத்திருக்க இனி ஒன்றும் இல்லை என்பதை மறந்தவர்போல் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், இது இங்கேயே இருக்கட்டும். அந்த ஏழுமலைக்குத் தெரிஞ்சா ஊர் பூரா சொல்வார். மேனேஜர் காதுல விழும். நான் உண்மைன்னு தெரிஞ்சே எழுதினேன்னு ஆயிடும்."

சரி என்றேன்.

மெமோ திரும்பப் பெறப்பட்டது. சங்கம் மிரட்டியதால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சங்கமும் அப்படியே நினைத்தது. ஏழுமலை கேண்டீனில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் வாத்தியார் கஸ்தூரியை அழைத்துக்கொண்டு வந்தார். தேர்ச்சி இல்லாமல் அவளுக்கு அந்த வருடம் பி.எட். சேர முடியாது. இடம் ஏறத்தாழ உறுதியாகியிருந்தது. இங்கேயே வேறு பிரிவில் மறுபடி ஆறு வாரம் கொடுத்தால் அதற்குள் ஓர் அறிக்கை எழுதிவிடலாம் என்று கேட்க வந்திருந்தார். மேனேஜர் போனிலேயே முடித்துவிட்டார். இனிமேல் ஹிஸ்டரியே வேண்டாம். அதை அவர்களிடம் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன்.

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "நான் எழுதினது பொய்யா சார்?"

"இல்லம்மா."

"யார் சொன்னதுன்னு பேரோட எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப நான் பண்ணின தப்பு என்ன?"

போர்டில் இரண்டு அழைப்புகள் வந்தன. இணைத்துவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் சொன்னார். "நீ ஒண்ணும் பண்ணல. நான் இத்தனை வருஷமா எழுதின பேரெல்லாம் செத்தவங்க பேரு. உயிரோட இருக்கிறவர் பேரை எழுதினா அவருக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியல. உனக்கு எப்படிச் சொல்லித் தருவேன்?"

கஸ்தூரி எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கூடப் போகவில்லை. ஒரே பஸ்ஸில் போக வேண்டியவர்கள். அவள் பஸ் ஏறியிருப்பாள் என்று தோன்றும் வரை அவர் அந்த பெஞ்சிலேயே இருந்தார். அவளுக்கு ஆவடியில் ஒரு நூலகத்தில் இடம் பிடித்துக் கொடுத்ததாகவும், அடுத்த வருடம் அவள் தேர்ச்சி பெற்றதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். சொன்னது அவர்தான். அவள் அதன் பிறகு தன்னோடு பேசுவதில்லை என்றதும் அவர்தான்.

அதற்குப் பிறகும் அவர் வருடந்தவறாமல் ஜனவரியில் வந்தார். மேனேஜர் மாட்டேன் என்பார். "சரி, அடுத்த வருஷம் வரேன்," என்று எழுந்துகொள்வார். வேண்டாம் என்று சொல்லப்போகும் இடத்தில்கூட வாட்சைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஏழுமலை அந்தப் பக்கம் போனால் ஒரு வார்த்தை எறியாமல் போகமாட்டார். "இன்னா வாத்யாரே, இந்த வருசம் யார் தலைல கை வெக்கறதா உத்தேசம்?" அவர் சிரிப்பார். வாட்ச்மேனின் கிரிக்கெட் டீம் நகைச்சுவைக்குச் சிரித்த அதே சிரிப்பு. எனக்குத்தான் போர்டின் ஒயர்களைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இனி, நான் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை. பழைய மேனேஜர் வேலையை விட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. புதியவர் இளவயதுக்காரர், கேட்டால் ஒருவேளை சம்மதிப்பார். அதையே சொல்லி வரவேற்றேன்.

"எத்தனை பேர் சார் இந்த வருஷம்?"

"யாரும் இல்ல மேடம். போன வருஷத்தோட ஹிஸ்டரியை எடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர் வருது. எங்க டிபார்ட்மென்ட் ரூமுக்கு ஏசி போடறாங்க. என்னை லைப்ரரியைப் பார்த்துக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்ப இங்க..."

"சும்மாதான். ஜனவரி வந்துடுச்சு. காலு இந்தப் பக்கம் வந்துடுச்சு."

பார்வையாளர் சீட்டைக் கொடுத்தேன். பெயரை எழுதினார். 'பார்க்க வேண்டியவர்' என்ற இடத்தில் பேனாவை வைத்துச் சற்று யோசித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். நான் அதைக் கேட்கவில்லை. வாட்சைக் கழற்றிப் பையில் போட்டு உட்கார்ந்தார்.

அன்று போர்டுக்கு ஓயாமல் அழைப்புகள். இடையிடையேதான் பேசினோம்.

"கஸ்தூரியை ஆவடி பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். கையில ஒரு குழந்தை. அவ என்னைப் பார்க்கல."

"பார்க்கலையா, பார்க்காத மாதிரிப் போயிட்டாளா சார்?"

"ஒரே சாட்சி, அதுவும் நான். உறுதியாச் சொல்ல முடியாது," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தேநீர் நேரத்தில் ஏழுமலை கையில் கிளாஸோடு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்த மாதக் கடைசியோடு ஓய்வு. யாரையும் விடாமல் கேலி செய்து தீர்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்யாரே! இன்னும் உட மாட்டியா எங்கள? நான் ரிடையர் ஆவப்போறேன், வேற ஆளப் பாரு. எத்தினியோ பேரு காலை வார்னாங்க எனக்கு. யூனியன் இல்லாங்காட்டி அன்னிக்கே உன் பொண்ணு என்னை ஊட்டுக்கு அனுப்பிச்சிருக்கும்."

"நல்லபடியா ரிடையர் ஆகுங்க," என்றார் அவர்.

"ஆவாத பின்ன? உன்னாலயா ஆவறேன்?" என்று சொல்லிவிட்டு ஏழுமலை போனார்.

அவர் வழக்கமான சிரிப்பைச் சிரிக்க முயன்றார். வரவில்லை. பெஞ்சின் மரத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். மதியச் சைரன் அடித்ததும் எழுந்தார். பையிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லவில்லை. "வரேன் மேடம்" என்றார். கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பூந்தமல்லி பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியாத புது ஆள்போல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மாலை ஆவடியில் இறங்கிக் கீரை வாங்கினேன். காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். இரவு டைரியில் அன்றைய செலவை எழுதிய பிறகு, 'சார் வந்தார். யாரையும் பார்க்கவில்லை' என்று எழுதினேன். அதைத் திரும்பப் படித்தபோது மனம் ஒப்பவில்லை. யார் காதில் விழக்கூடாது என்று அவர் சொன்னாரோ, அந்த மேனேஜர் போய்விட்டார். யாருக்குத் தெரியாமல் இருக்கிறதோ, அந்த ஏழுமலையும் போகப்போகிறார். பிறகு கம்பெனியில் இதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, முதல் வேலையாக, போர்டுக்குப் போகாமல் நேரே டைம் ஆபீஸுக்குள் போய் மெஷின் பக்கத்தில் நின்றேன். எட்டுக்குச் சற்று முன்னால் ஏழுமலை கார்டை உருவிக்கொண்டு வந்தார்.

"இன்னா ஆபரேட்டரம்மா, போர்டை உட்டுட்டு இங்க நின்னுகினு கீறீங்க?"

"உங்க மெமோவை வாபஸ் வாங்க வெச்சது யூனியன் இல்ல. நேத்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரே, அவர். அந்தப் பொண்ணு எழுதினதைத் தன் கையால ரிஜக்ட் பண்ணி எழுதிக் கொடுத்தார். உண்மைன்னு தெரிஞ்சே கொடுத்தார். அவளுக்கு ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம் அவ அவரோட பேசலை."

ஏழுமலை என்னை முறைத்தார். "யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. நான் அந்த ரூம்ல இருந்தேன். நான்தான் டைப் அடிச்சேன்."

பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "அண்ணாத்தே, கார்டை அடி, டைம் ஆவுது," என்று ஒருவன் கத்தினான். "இல்ல என்னாண்ட குடு, நான் அடிக்கிறேன்," என்று இன்னொரு கை நீண்டது.

"இருடா," என்றார் ஏழுமலை. கார்டைக் கொடுக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடி, ஜன்னல் வழியாக என் அறையையும் அந்த வெற்று பெஞ்சையும் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தார்கள். எட்டு மணிச் சைரன் ஊதி ஓய்ந்தது. அதன் பிறகுதான் கார்டைச் சொருகினார். சிவப்பில் விழுந்தது.